குறுக்கே போட்ட மட்டை

"ஏலே, தள்ளுங்கலே!" என்று சொரிமுத்து கையை வீசினார். லாரி உறுமியதே தவிர நகரவில்லை. பின்சக்கரம் செம்மண்ணுக்குள் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

லாரியில் இருந்தது தம்பி தளவாயின் சிதைக்கான விறகு. செம்மணல் தேரிக்காட்டின் மரக்கூப்பில் அவனே நின்று வெட்டவைத்த உடைமரம். மார்கழி மழையில் மணல் இறுகினால்தான் தேரிக்குள் மரம் ஏற்றும் வண்டி ஓடும். அந்த மாசம் முழுக்கத் தளவாய் மண்வெட்டியோடு பாதையிலேயே கிடப்பான். அவன் காத்த பாதையில் எந்த வண்டியும் சிக்கியதில்லை. அவன் படுக்கையில் விழுந்த ஒரு வாரத்துக்குள், வீட்டெதிர்ப் பள்ளத்தை மழை அறுத்துவிட்டது. லாரி சிக்கியது அங்கேதான்.

பேரன் பேத்தி எடுத்த சாவு. வாசலில் மேளம் கல்யாணத்துக்கு அடிப்பதுபோல் முழங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் மரியான் தலையை நீட்டினான். "அண்ணாச்சி, அவருக்குப் போக மனசில்ல. விறகப் பிடிச்சி வச்சிருக்காரு."

கூட்டம் சிரித்தது.

"பின்னால இழுத்துவிடச் சொல்லுங்க. தார் ரோட்டைச் சுத்திச் சுடுகாட்டுக்குப் போயிருதேன்."

"விறகு முன்னால போகும், அவன் பின்னால வருவான். ரெண்டும் இந்த ரோட்டுலதான். தளவாய் பாதையில வண்டி திரும்பிப் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது" என்றார் சொரிமுத்து.

தம்பி மண்வெட்டி பிடிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று காலமெல்லாம் பேசிய வாய் அது.

சாவுப் பந்தலிலிருந்து பனையோலைகளை மட்டையோடு உருவி, சக்கரத்துக்கு நேரே நீளவாக்கில் போடவைத்தார். மரியான் மிதித்தான். மட்டைகள் பின்னால் பறந்தன. ஒரு வாளிச் செஞ்சேறு சொரிமுத்தின் வெள்ளை வேட்டியில் வந்து விழுந்தது. மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அத்தான்!"

தளவாயின் பெண்டாட்டி சங்கரம்மாள். பிரேதத்தின் தலைமாட்டை விட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏளா, உள்ள போ. பொம்பள இந்நேரம் வெளிய வரலாமா?"

"வரலாம். முதல்ல சேத்த வாருங்க. மட்டையக் குறுக்க போடணும், அடி மாத்தி நுனி மாத்தி. உங்க தம்பி தூக்கத்துலயும் இதைத்தான் உளறுவாரு. என்னையக் கட்டுனீரா, ரோட்டக் கட்டுனீரான்னு கேப்பேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொரிமுத்து துண்டை இடுப்பில் இறுக்கினார். சுவரில் சாத்தியிருந்த தம்பியின் மண்வெட்டியை எடுத்துவந்து சேற்றை அவரே வாரினார். மட்டைகளைக் குறுக்கே, அடி மாற்றி நுனி மாற்றி அடுக்கினார். உதவ வந்தவர்களைக் கையமர்த்தினார்.

லாரி ஒரு குலுங்கு குலுங்கி மேடேறியது. மரியான் ஹாரனை நீளமாக அடித்தான். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

"பெரியப்பா, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க நேரமாச்சு" என்று தளவாயின் மகன் கூப்பிட்டான்.

"வாரேம்டே, வாரேன்."

சக்கரம் தள்ளிவிட்ட மட்டை ஒன்று கோணலாகக் கிடந்தது. சொரிமுத்து குனிந்து அதைத் திருப்பிவைத்தார். பிறகு பக்கத்தில் கிடந்ததையும்.