மாதேஷுக்கு வராத நோட்டீஸ்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு அவமானம்.

என் நண்பன் மாதவராஜ் சென்ற ஆண்டு ஒரு சிறுகதை எழுதினான். அதில் வரும் கல்யாண மண்டப முதலாளி தன்னைத்தான் குறிக்கிறார் என்று நிஜமான ஒரு மண்டப முதலாளி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அதுவரை மாதவராஜின் கதைகளை நானும் அவன் மனைவியும் மட்டுமே படித்துக்கொண்டிருந்தோம். அவன் மனைவி விஷயத்தில் எனக்குச் சந்தேகமும் உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு இரண்டு கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். 'அதிகாரத்துக்கு எதிரான குரல்' என்று சால்வை போர்த்தினார்கள். அரங்கத்திலேயே சத்தமாகக் கைதட்டியது நான்தான். யாராவது அளவுக்கு மீறிக் கைதட்டினால் அவர் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

நானும் வருடக்கணக்கில் எழுதுகிறேன். ஒருவர் மனம்கூடப் புண்பட்டதில்லை.

ஆகவே மண்டபம், மளிகைக்கடை என்று சில்லறையாகப் போகாமல் நேராக ராணுவத்தைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். தொடக்கம் இப்படி:

"தேசத்தின் பாதுகாப்பு என்பது எல்லையில் மட்டும்..."

(அடித்துவிட்டேன். மைக் பிடித்தவன் வாசனை வருகிறது.)

"பீரங்கிகள் முழங்கிய அந்தச் செம்மண்ணில் இன்று..."

(அங்கே பீரங்கி முழங்கியதே இல்லை. விசாரித்துவிட்டேன். முழங்கியதெல்லாம் சோற்றுக் குண்டான்தான்.)

2

தருமபுரிக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவே, பழைய பெங்களூர்ச் சாலையை ஒட்டி ஒரு காலி நிலம். ஊர்ப் பெயரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் பெயரே வைக்கவில்லை. லாரியும் ரயிலும் வருவதற்கு முன் பட்டாளம் நடந்தே போகும். ஒரு நாள் நடைக்கு ஓர் இடம் என்று, கூடாரம் போட்டுச் சோறாக்கித் தூங்குவதற்கு வெள்ளைக்காரன் நிலம் ஒதுக்கினான். ஊரார் அதைத் தண்டு மேடு என்கிறார்கள். தண்டு என்றால் படை. வெள்ளைக்காரன் போனான், பட்டாளம் ரயிலேறியது, நிலம் மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களைப் பராமரிக்க ஓர் அலுவலகம் உண்டு. சிப்பாய்களை அல்ல, சிப்பாய்கள் நிற்கும் தரையைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கிடங்கு, குடியிருப்பு, துப்பாக்கி சுடும் திடல், இந்த மாதிரி யாருமே வராத மேடு, எல்லாம் அதன் பொறுப்பு. என் கல்லூரித் தோழன் ஆரோக்கியராஜ் அங்கே அதிகாரி. ஆண்டுதோறும் பெங்களூரிலிருந்து வருவான். எல்லைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களா, புல் குத்தகைக்காரர் புல்லை மட்டும்தான் வெட்டுகிறாரா என்று பார்ப்பான். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான்.*

* "பட்டாளம் திரும்ப எப்பவாவது இங்க வருமாடா?" என்று ஒருமுறை கேட்டேன். "வந்தா எடம் இருக்கணும் இல்ல?" என்றான். ஒரு துறையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

3

மேட்டின் ஓரத்தில் இரண்டு வீடுகள். ஒன்று பச்சியப்பனின் வீடு, அடுத்தது மாதேஷின் வீடு. இருவரும் சகலைகள், அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். இருவரும் தக்காளி போடுகிறார்கள். ஒரே டெம்போவில் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன விலைக்குப் போயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. டெம்போ டிரைவரைத் தனித்தனியாகக் கேட்பார்கள்.

பச்சியப்பன் தன் மாட்டுக்கொட்டகையை மெல்ல மெல்ல ராணுவ நிலத்துக்குள் நகர்த்தியிருந்தார். அலுவலகம் செயற்கைக்கோள் படத்தில் கொட்டகையைப் பார்த்துவிட்டது. மாட்டையும் பார்த்திருக்கலாம். 'உம்மை ஏன் வெளியேற்றக் கூடாது' என்று காரணம் கேட்டு சிங்க முத்திரையோடு நோட்டீஸ் வந்தது.

உங்களுக்கோ எனக்கோ வந்திருந்தால் வக்கீலைத் தேடி ஓடியிருப்போம். பச்சியப்பன் அதை லேமினேட் செய்து நிலைப்படிக்கு மேலே மாட்டினார்.

"டெல்லி சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குது சகல, நான் இந்த எடத்துல இருக்கறன்னு. தாசில்தாரு கால்ல உழுந்தாலும் இப்படி ஒரு அத்தாட்சி கெடைக்குமா?"

"காலி பண்ணச் சொல்லித்தான எழுதியிருக்குது?" என்றார் மாதேஷ்.

"அது அவங்க ஆசை. இருக்கறன்னு ஒத்துக்கிட்டாங்க பாரு, அதான் சேதி. நாளைக்கு இங்க பஸ் ஸ்டாண்டு வருது, கம்பெனி வருதுன்னா மாத்து எடம் யாருக்குக் குடுப்பாங்க? பேப்பர் வெச்சிருக்கறவனுக்கு. பேரு முன்னால 'ஸ்ரீ'ன்னு வேற போட்டிருக்குது. உன்ன யாரு ஸ்ரீன்னு கூப்பிட்டாங்க?"

மாதேஷை யாரும் கூப்பிட்டதில்லை. மின்வாரியத்துக்குக்கூட அவர் வெறும் எண்தான்.

(அன்றிரவு மாதேஷ் தூக்கமில்லாமல் புரண்டார் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாகக் குறட்டை விட்டார் என்று அவர் மனைவி சுகுணா பின்னால் சொன்னார். பத்தியை எடுத்துவிட்டேன். பொறாமையில் தூக்கம் கெடுவது எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.)

4

இந்த இடத்தில் எனக்கு மாதேஷ்மேல் நம்பிக்கை போய்விட்டது. தனக்கும் ஒரு நோட்டீஸ் வேண்டும் என்பதற்காக, தன் வீடு ஆக்கிரமிப்பு என்று தானே போய்ச் சொல்வானா ஒரு மனிதன்? வாசகர் நம்புகிற மாதிரி ஒரு காரணம் கொடுக்கப் பார்த்தேன்.

"மகளின் படிப்புக்காக மாதேஷ்..." (மகள் இல்லை.)

"நிலமற்றவர்களின் வலியை உணர்ந்த மாதேஷ்..." (உணரவில்லை.)

பிறகு கைதட்டிச் சிவந்திருந்த என் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. மாதேஷை நம்பிவிட்டேன்.

5

இந்த ஆண்டு ஆரோக்கியராஜ் அளவைக் கருவியோடு வந்தபோது நானும் கூடப் போனேன். கருவிக்குக் குடை பிடிப்பது என் வேலை. எழுத்தாளன் என்று அறிமுகம் செய்துவைத்தான். எல்லோரும் மரியாதையாகக் குடையைப் பார்த்தார்கள்.

மாதேஷ் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"சார், எனக்கு மட்டும் ஏன் சார் வரல?"

"என்னங்க வரல?"

"நோட்டீசுங்க."

"நீங்கதான் ஒண்ணும் ஆக்கிரமிக்கலையே."

"யாருங்க சொன்னது? நல்லாப் பாருங்க. பின்னால சமையல்கட்டு பூரா உங்க எடந்தாங்க."

"நோட்டீஸ் குடுத்தா, அப்புறம் இடிப்போம்ங்க."

"சகல கொட்டாய இடிச்சிட்டீங்களா?"

"விசாரணை நடக்குது."

"அப்ப எனக்கும் நடத்துங்க சார். எங்களுக்குள்ள ஏன் பாகுபாடு?"

இத்தனை வருட வேலையில் ஆரோக்கியராஜ் கேட்டதெல்லாம் 'நான் இல்லைங்க' என்பதுதான். 'நானும்தாங்க' என்று ஒருவர் வந்தது இதுவே முதல் தடவை. ஆனால் அவன் சட்டத்தை மதிக்கிறவன். புகார் வந்தால் அளந்தே ஆக வேண்டும். அளந்தான்.

மாதேஷ் வீட்டுப் பின்பக்க மூலைக்கல்லைக் காணோம். மேலே புளியமரம், படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பழைய வரைபடத்தின்படி எல்லை வீட்டின் பின்சுவருக்கு வெளியே போகிறது. கருவியின் கணக்குப்படி சமையல்கட்டுக்கு உள்ளே போகிறது.

"பக்கத்து நிலத்துக்காரர் கல் இருந்த எடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடட்டும். அதுதான் முடிவு" என்றான் ஆரோக்கியராஜ்.

மாதேஷின் கை உடனே சமையல்கட்டுப் பக்கம் எழுந்தது. வேலியோரம் நின்றிருந்த பச்சியப்பன் பதறினார்.

"சகல, பாத்துக் காட்டு. வெளையாட்டு இல்ல."

(அது அக்கறையா, நோட்டீஸ் இன்னொருவனுக்கும் போய்விடுமே என்ற பதைப்பா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன.)

அப்போது சுகுணா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"எங்கய்யா காட்டற?"

"நீ உள்ள போ."

"உள்ளன்னா எங்க? அது பட்டாளத்துது ஆயிருச்சின்னா நான் எங்க போய்ச் சோறாக்கறது?"

"பேப்பருதான் புள்ள. வூட்டையா தூக்கிட்டுப் போறாங்க?"

சுகுணா ஆரோக்கியராஜைப் பார்த்தார். "இடிப்பீங்களா மாட்டீங்களா சார்? நெசத்தச் சொல்லுங்க."

"சட்டப்படி இடிக்கணும்மா."

"அப்பக் கேட்டுக்கங்க. இந்த எடம் எங்கப்பன் எம்பேருக்கு எழுதி வெச்சது. இந்தாளு சும்மா வந்து குடியேறுனவரு. இங்க ஆக்கிரமிப்புன்னா இவரு ஒருத்தருதான். இவருக்கு நோட்டீசு வேணும்னா உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நானே குடுக்கறன்."

பச்சியப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. உங்க வூடும் அக்கா பேர்லதான் இருக்குது."

சிரிப்பு நின்றது.

(வாசகரே, மூன்றாம் பகுதியில் 'பச்சியப்பனின் வீடு', 'மாதேஷின் வீடு' என்று எழுதியிருந்தேன். இரண்டையும் திருத்திப் படித்துக்கொள்ளவும். நான் அளக்காமல் எழுதிவிட்டேன்.)

6

இப்போது முடிவு. மன்னிக்க வேண்டும், இப்போது சிக்கல்.

"அப்ப நீங்கதாம்மா காட்டணும்" என்று ஆரோக்கியராஜ் சுகுணாவிடம் சொல்லிவிட்டான். எல்லோரும் மாதேஷை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். மாதேஷின் முகத்தில், சொந்த மனைவியைப் பார்த்து, எனக்கு மிகவும் பழக்கமான அந்தக் களை வந்தது.

கல் எங்கே இருந்தது என்பது சுகுணாவுக்கு மட்டுமே தெரியும். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் 'நெசத்தச் சொல்லுங்க' என்று கேட்டவரிடமே இப்போது நிஜத்தைக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பின்னால் அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

முடிவு அ: சுகுணா பின்சுவரைத் தாண்டிப் போய் நிற்கிறார். வீடு பிழைத்தது. கதை செத்தது. இதற்கு யார் சால்வை போர்த்துவார்கள்?

முடிவு ஆ: சுகுணா சமையல்கட்டுக்குள் போய் நிற்கிறார். உண்மையைச் சொன்னவளின் அடுப்பை அரசாங்கம் இடிக்கிறது. நான் கண்கலங்க ஒரு கடைசிப் பத்தி எழுதுகிறேன். பத்திரிகையில் வருகிறது. மாதவராஜ் போன் செய்து "நல்லாருக்குடா" என்கிறான், சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறுகிறது.

இரண்டாவதை எழுதத் தொடங்கினேன். "இடிபாடுகளுக்கு நடுவே கரி படிந்த அந்தச்..." என்பதுவரை வந்தேன். என் பேருக்காக ஒருத்தியின் சமையல்கட்டை இடிக்க மாதேஷைவிட நான் அவசரப்படுவது அப்போதுதான் உறைத்தது. மாதேஷுக்காவது அங்கே சாப்பிடுகிற உரிமை இருக்கிறது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுகுணா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தார். பின்சுவர் ஓரமாகப் போய், கொஞ்சம் நின்று, ஓர் இடத்தில் காலை ஊன்றி, "இங்கதாங்க" என்றார். ஆரோக்கியராஜ் குறித்துக்கொண்டான்.

எங்கே என்று நான் பார்க்கவில்லை. தற்செயல் என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றே குடையைத் தாழ்த்திக்கொண்டேன். ஆரோக்கியராஜிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மேடு தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

அவர் கால் ஊன்றிய இடத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரமில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தோன்றும் முடிவு என்னுடைய இரண்டையும்விட நன்றாக இருந்துவிட்டால், தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள்.