சாவு சாரின் கடைசி வாக்கியம்

ஒரு மனிதனை வரலாற்றில் நிறுத்துவது அவன் பிறப்பும் அல்ல, உழைப்பும் அல்ல. உயிர் பிரியும்போது அவன் உதிர்க்கும் கடைசி வாக்கியமே.

இதைக் கல்லூரியில் காலமெல்லாம் முழங்கிய வரலாற்றுப் பேராசிரியரை மாணவர்கள் 'சாவு சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே அல்ல. ஆனால் அவர் காதில் விழுகிற தூரத்தில்.

மன்னர்கள் செத்த கதையை அவர் சொன்னால் பின் பெஞ்சுகூட விழித்துக்கொள்ளும். அம்பு பட்டவன், விஷம் குடித்தவன், குதிரையிலிருந்து விழுந்தவன் எல்லாரும் அவர் புத்தகத்தில் அழகாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டே போனார்கள். சொல்லாமல் போனவர்களுக்கு அவரே கைகொடுத்தார்.

தனக்கும் ஒன்று வைத்திருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து குளியலறையில் சொல்லிச் சொல்லிச் செதுக்கியது: "நான் வரலாற்றை எழுதினேன், இனி வரலாறு என்னை எழுதட்டும்."

"தண்ணி ஆறிடுச்சு. சீக்கிரம் வரலாறாகிட்டு வெளிய வாங்க" என்பாள் மனைவி, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு எழுந்தவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மகன் பதறியடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கட்டிலைச் சுற்றி மனைவி, மகன், சலைன் பாட்டிலோடு நர்ஸ். இதைவிட நல்ல சபை அமையாது என்று பட்டது சாவு சாருக்கு. மகனின் கையைப் பற்றி, ஒரு சொல் பிசகாமல் வாக்கியத்தைச் சொன்னார். கண்ணை மூடினார். மகன் விம்மினான். நர்ஸ்கூட ஒரு கணம் அசையாமல் நின்றாள்.

பிறகு காத்திருந்தார்.

வந்தது ஓர் ஏப்பம். நெஞ்சு லேசாகிவிட்டது.

டாக்டர் வந்து, "இப்ப எங்க சார் வலிக்குது?" என்றார்.

வாயைத் திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டார். 'வலி போயிடுச்சு' என்று சொல்லிவைத்து, அடுத்த நொடியே உயிர் போய்விட்டால்? வரலாற்றில் நிற்கப்போவது அதுவல்லவா!

"ஐயோ, அப்பாவுக்குப் பேச்சு நின்னுடுச்சு டாக்டர்!"

"உங்கப்பாவுக்கா? பேச்சா? நீ வேற. வாக்கியத்த அடைகாக்குறார்டா" என்றாள் மனைவி. "ஏங்க, தண்ணியாவது குடிக்கிறீங்களா?"

தலையாட்டினார். ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார். சலைன் வேறு ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு நின்றதற்குக் காரணம் தெரியாத டாக்டர், தலையை ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்யப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. சாவு சார் பல்லைக் கடித்தார். சுண்டுவிரலைக் காட்டலாம்தான். ஆனால் பேராசிரியர் பள்ளிக்கூடப் பையனைப்போல விரலைக் காட்டியபடி செத்தார் என்று எவனாவது எழுதிவிட்டால்? கதவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"போயிட்டு வரேங்கறார்மா!" என்று மகன் வாய்விட்டு அழுதான்.

"ஆமா, எங்கன்னுதான் சொல்ல மாட்டேங்கறார்" என்றாள் மனைவி.

இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு, வரலாற்றைக் கைகழுவிவிட்டு, வாயைத் திறந்தார்.

"பாத்ரூம் எங்கடா?"

"அப்பா பேசிட்டார்!" மகன் பாய்ந்து வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டான். விடவேயில்லை.

நர்ஸ் மாற்றுப் படுக்கை விரிப்பு எடுத்து வந்தாள்.