தொட மாட்டேன்

நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து அவள் கட்டிலே கதியென்று கிடந்தாள். பாரம் தூக்கினால் ரத்தம் கொட்டலாம், வயிற்றுப் பிள்ளை தங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மூன்று வயது மகளைக்கூடத் தூக்கக் கூடாது. அதைக் குழந்தைக்குப் புரியவைக்கும் பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள்.

இன்று மகள் கதவில் மோதி, நெற்றி புடைத்து, வீறிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கட்டிலில் கிடந்தவள் தன்னை மறந்து கைகளை நீட்டினாள். கட்டிலை நெருங்கியதும் குழந்தை சட்டென்று நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"நான் தொட மாட்டேன்மா. தொட்டா பாப்பா செத்துடும்."

"பாத்தீங்களா அண்ணி, என் மருமக எவ்வளவு சமத்து!" என்று பின்னாலேயே வந்த நாத்தனார் பூரித்துப்போனாள்.

"வாடி செல்லம், ஒண்ணும் ஆகாது," என்றாள் தாய்.

குழந்தை விக்கி விக்கி அழுதபடியே இன்னும் பின்னால் நகர்ந்தது.