மாஸ்டரின் நடை அட்டை

தையல் மெஷின் முன்னால் போட்ட ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலேயே மாஸ்டர் எட்டு மாதத்தில் பதினோரு கிலோ இளைத்தார். இடுப்பு நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறுக்கு வந்தது. அளவு டேப்பைப் பிடித்தது அவர் கைதான் என்பதால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மாதம் ஒருமுறை தன் பேண்டைத் தானே பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டார்.

அதற்கு முன்பு அவருடைய கால் கட்டைவிரலில் கத்திரிக்கோல் விழுந்து மூன்று மாதமாகியும் புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரை. டாக்டர் முப்பது கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும். நடந்த அன்னைக்கு ஒரு டிக். இல்லேன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், சொல்லிட்டேன்" என்றார். மாஸ்டர் அன்றே ஷூ வாங்கினார், தனக்கென்று ஒரு டிராக் பேண்டும் தைத்துக்கொண்டார். முதல் நாள் தெருமுனை டீக்கடை வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் வானம் மூட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு காலில் ஷூவை மாட்டியவர் மறுகாலுக்குக் குனிந்த வாக்கிலேயே தூங்கிப்போனார். நாலாம் நாள் அவரை எழுப்பி எழுப்பித் தொண்டை வறண்ட அவர் மனைவி, எழுந்ததுதான் எழுந்தோம் என்று தானே நடந்துவிட்டு வந்தாள். கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை, அதனால் தெருவுக்கே அவள் காஜாக்கா. திரும்பி வந்தவள் சுவரில் மாட்டியிருந்த வெற்று அட்டையைப் பார்த்தாள். டாக்டரிடம் ஏச்சு வாங்க வேண்டுமே என்று ஒரு டிக் போட்டாள். நடந்தது பொய் இல்லையே, நடந்த ஆள்தானே வேற என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே.

மாதக் கடைசியில் புண் மூடியிருந்தது. டாக்டர் மாஸ்டரின் தோளில் தட்டி, அடுத்த அட்டையைக் கொடுத்தார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மாஸ்டர், "மனசு வெச்சா எல்லாம் முடியும் சார்" என்று சொல்ல ஆரம்பித்தார். காஜாக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

அக்கா மகளின் பிரசவத்துக்காக அவள் நாலு நாள் வெளியூர் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டாம் நாள் மாஸ்டரின் பேண்ட் பட்டன் தெறித்தது. நாலாம் நாள் விரல் புண் வாய் பிளந்தது. வந்து நடந்தாள், மூடிக்கொண்டது. நடந்துவிட்டு டிக் போடாமல் பார்த்தார்கள், பலன் இல்லை. நடக்காமல் டிக் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. இரண்டும் வேண்டியிருந்தது. மாஸ்டர் மூன்று நாள் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டார். ஆறு வருஷம் ஓடியது. மழையிலும் காய்ச்சலிலும் அவள் நடந்தாள், அவர் கால் பெடலை மிதித்தது.

ஏழாம் வருஷம் அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் மங்கியது. டாக்டர் பரிசோதித்து, அவள் பெயரில் ஓர் அட்டை எழுதினார். ஒரே நடைக்கு இரண்டு அட்டையிலும் டிக் போட்டாள், யார் உடம்பும் ஏற்கவில்லை. காலையில் அவருக்கு, மாலையில் தனக்கு என்று இரண்டு நடை நடந்தாள். ஒன்பதாம் நாள் முழங்கால் பந்து மாதிரி வீங்கியது.

"என்னங்க, ஒண்ணு பண்ணுங்க. சாயங்காலம் உங்களுக்கு நான் நடக்கறேன், காலையில எனக்கு நீங்க நடங்க. எனக்கு டிக் போட்டுக்கறேன்."

"நான் நடந்தா உனக்கு ஏறுமா?"

"நான் நடந்து உங்களுக்கு ஏறலையா?"

ஏறியது. மாஸ்டர் நாலு நாள் நடந்தார். நாலு நாளும் அவளுக்குத் தாகம் அடங்கியது. ஐந்து சட்டைக்கு ஒரே மூச்சில் காஜா எடுத்தாள். ஊசிக் காதைப் பார்த்து, "அட, இங்கதான் இருக்கியா" என்று சிரித்தாள். ஐந்தாம் நாள் அவள் கண் விழித்தபோது மாஸ்டர் கட்டில் விளிம்பில் டிராக் பேண்டோடு உட்கார்ந்திருந்தார். மணி ஆறரை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்கே முழிச்சிட்டேன். எழுந்திரு எழுந்திருன்னு எனக்கு நானே சொல்றேன். உடம்பு கேக்க மாட்டேங்குதுடி. உனக்காகத்தான்னு தெரியுது, அப்பவும் கேக்கல. நான் என்ன மனுசன்?"

"சரி விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். மறுநாளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள் உட்காரக்கூட இல்லை. அவரைத் திட்ட அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. வேண்டுமென்றே செய்கிறவனைத் திட்டலாம், தன்னையே தூக்க முடியாதவனை என்ன சொல்லித் திட்டுவது? தன் அட்டையிலேயே டிக் போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்து ஒரு வாரம் தனக்காக நடந்தாள். கண் தெளிந்தது. தெளிந்த கண்ணில் முதலில் பட்டது, பெடல்மேல் இருந்த அவருடைய கட்டைவிரல் கறுத்துக்கொண்டு வந்ததுதான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "சும்மா இருடி, அது எப்பவும் உள்ளதுதான்" என்று காலை மெஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து டிக் பழையபடி அவர் அட்டைக்குப் போனது.

அடுத்த மாதம் டாக்டர் ஒரு டிக்கும் விழாத அவளுடைய புது அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "ஒரு நாள்கூட ஒழுங்கா நடக்க முடியலையாம்மா உங்களுக்கு? உங்க வீட்டுக்காரரைப் பாருங்க, ஏழு வருஷமா நடக்கறார். பக்கத்துலயே இருந்துகிட்டு இதுகூட கத்துக்கலேன்னா எப்படி?" மாஸ்டர் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். காஜாக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சோம்பேறித்தனம்தான் டாக்டர்" என்றாள். "நாளையிலேர்ந்து நடக்கறேன்."

இப்போது அவளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. காஜாவை வெளியே கொடுத்து எடுக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு, ஒரு காலை இழுத்தபடி தெருவில் இறங்குகிறாள். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை ஓரமாக ஒதுக்கி வழி விடுகிறார். வாசல் பெருக்குகிற பெண் தலையைத் தூக்காமலே, கால் இழுபடும் சத்தம் கேட்டு, தன் வீட்டுக்குள் குரல் கொடுத்து, "மணி அஞ்சரை ஆச்சு, எழுந்திருங்க. மாஸ்டர் நடக்கக் கிளம்பிட்டார்" என்கிறாள்.