கொதிகலன் பாடிய கை

அண்ணாதுரையின் வலது கையை தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் நசுக்கிய ஆறாவது மாதம், அந்தக் கையைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. மண்ணூர் மாதா கோயில் மைதானத்தில் 'கொதிகலன்' என்ற ராக் குழு அதை முதன்முதலாகப் பாடியது. குழுவில் நாலு பேர். எல்லோரும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் அப்ரண்டிஸாக இருந்தவர்கள். கிடாரை அடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திப் பாடியவன் ராஜசேகர்.

*ஆறு மணி சங்கு ஊதுது,*
*என் கை எங்கே சொல்லு மேஸ்திரி!*

பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அண்ணாதுரையின் தங்கை காந்திமதி போகவில்லை. அண்ணனுக்கு நடந்ததை ஊரில் எல்லோரும் விதி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒருவனாவது மைக்கைப் பிடித்து மேஸ்திரியைக் கேள்வி கேட்டானே என்று அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். அன்றைக்கு அவளைப் போல அழுதவர்கள், தலையை ஆட்டி ஆடியவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமானார்கள். தோள் வரை முடி வளர்த்த வெல்டர் பகலவன்தான் அதற்குத் தலைவன். குழு எங்கே பாடினாலும் சைக்கிளில் போய்விடுவார்கள்.

இரண்டு வருஷத்தில் கொதிகலன் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் கீபோர்டு வந்தது. பிறகு பளபளக்கும் சட்டைகள். டிரம்ஸ் அடித்தவனை அனுப்பிவிட்டு, மெல்லத் தட்டுகிற ஒருவனைச் சேர்த்தார்கள். கல்யாண வீடுகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். "இப்போதான் பாட்டு புரியுது" என்று புதிதாக வந்த ரசிகர்கள் சொன்னார்கள். பகலவன் அவர்களோடு டீக்கடையில் கைகலப்பு வரை போனான்.

காந்திமதி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் 1991 செப்டம்பரில் புது கேசட் வந்தது. பகலவன் வீட்டில் போட்டுக் கேட்டார்கள்.

*ஆறு மணி வானம் சிவக்குது,*
*உன் கை எங்கே சொல்லு கண்மணி.*

காந்திமதி கேசட்டை வெளியே எடுத்து, டேப்பை விரலால் இழுத்து இழுத்து மொத்தமும் உருவிப் போட்டாள்.

மறுநாள் ராஜசேகர் பாடிப் பழகும் கொட்டகைக்குப் போனாள்.

"எங்க அண்ணன் கைய பொண்ணு கையா மாத்திட்டியே, உனுக்கு வாய் கூசல?"

"கத்திகினே இருந்தா எத்தினி நாளைக்குக் கேப்பாங்க, காந்தி? மெட்டு என்னுது. பாட்டும் என்னுது."

"கை உன்னுதா?"

அவன் குனிந்து கிடார் தந்தியை முறுக்கினான். பக்கத்தில் நின்ற கீபோர்டுக்காரன், ஆயுத பூஜைக்கு பிரஸ் கம்பெனியில் கச்சேரி என்று பெருமையாகச் சொன்னான். முதலாளிக்குப் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் கூப்பிடுவாராம்.

அண்ணாதுரையின் கை போன அதே கம்பெனி. கை போன பிறகு அவனை கேட்டில் உட்கார வைத்திருந்தார்கள். காந்திமதியும் அங்கேயே பேக்கிங்கில் வேலை செய்தாள்.

"அக்கா, மைக் ஒயர அறுத்துடலாமா?" என்று கேட்டான் பகலவன்.

"வேணாம். அவன் வாயாலயே அவன் சாவட்டும்."

பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. முதலாளி குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். பழைய ரசிகர்கள் நாற்பது பேர் பொரிப் பொட்டலத்தோடு பரவலாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாலு பாட்டுக்கு அவர்கள்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். ராஜசேகருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஐந்தாவதாக அந்தப் பாட்டு. 'வானம் சிவக்குது' என்று அவன் இழுத்ததும் காந்திமதி எழுந்து நின்று, பழைய வரியைப் பழைய வேகத்தில் கத்தினாள். நாற்பது பேரும் எழுந்தார்கள். தகர நாற்காலிகளைத் தட்டித் தாளம் போட்டார்கள். விவரம் தெரிந்த தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, ஷெட் முழுக்க 'என் கை எங்கே சொல்லு மேஸ்திரி' என்று அதிர்ந்தது. மைக் வைத்திருந்தவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"என்ன பாட்டு இது? யார் கை?" என்று முதலாளி மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் குனிந்து காதில் சொன்னார். முதலாளி எழுந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். மேனேஜர் மேடையேறி, ராஜசேகர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். வியர்த்துப்போய் நின்ற அவன் முகத்தை காந்திமதி நிதானமாகப் பார்த்தாள். பார்த்தது போதவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

கொதிகலனை அதன்பிறகு எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கீபோர்டுக்காரன் வேறு குழுவுக்குப் போனான்.

கம்பெனியில் கத்தியவளை விட்டுவிட்டு, அண்ணாதுரையை கேட்டிலிருந்து எடுத்து, பின்பக்கம் வெயிலில் ஸ்கிராப் எடை பார்க்கப் போட்டார்கள்.

"உன்ன யார் கேட்டா?" என்றான் அவன், வீட்டில். "எனுக்குப் புதுப் பாட்டுதான் புட்சிருந்துச்சு. பழச பாடும்போதெல்லாம் ஊரே என் கையத்தான் பாக்கும். புதுசுல நான் இல்ல. நிம்மதியா கேட்டுகினு இருந்தேன்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

காந்திமதிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபமும் கடைசியில் ராஜசேகர் மேலேயே போய்ச் சேர்ந்தது. அவன் பாட்டை மாற்றாமல் இருந்திருந்தால் இதெல்லாம் ஏன் வரப்போகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜசேகர் அவர்கள் வீட்டுக்கு வந்தான். சாதாரணச் சட்டை, கையில் கிடார் இல்லை. காந்திமதியின் பக்கம் திரும்பாமல் அண்ணாதுரையின் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தப்புதான்."

"வுடுப்பா. உக்காரு. அந்தக் கண்மணி பாட்ட ஒரு தபா பாடு."

ராஜசேகர் தயங்கினான். பிறகு தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஆரம்பித்தான். அண்ணாதுரை கண்ணை மூடிக்கொண்டான்.

சமையல் செய்துகொண்டிருந்த காந்திமதி பம்ப் ஸ்டவ்வுக்கு வேகவேகமாகக் காற்றடித்தாள். ஸ்டவ் இரைந்தது. பாட்டு முடிகிறவரை அவள் பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.