பாண்டின் ஏழாவது ஆள்

கோணாமலைக்குச் சொந்தபந்தம் ஆர் என்று யாராவது கேட்டால், அவன் வாய் திறக்கும் முன்பே சாமித்தம்பி முந்திக்கொள்வான்.

"ஏன், நாங்க ஆறு பேர் கல்லுமாதிரி நிக்கிறம், கண்ணுக்குத் தெரியல்லையா?"

அந்த ஆறு பேரும் தில்லைத்துறை பாண்ட் வாத்தியக் குழுவின் ஆட்கள். ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கரையோரம் கிடந்த அந்தச் சிறிய ஊரில் கலியாணமோ, கோயில் ஊர்வலமோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ எதுவென்றாலும் முன்னால் நடப்பது அவர்கள்தான். ட்றம்பெட் ஊதும் நல்லரத்தினம் தலைவன், தொழிலில் தையற்காரன். சைட் ட்றம் அடிக்கும் சாமித்தம்பி வாவியில் வலை வீசுகிறவன். கிளாரினெட் வல்லிபுரத்துடையது, மற்றவற்றை அவனுடைய மூன்று தம்பிமாரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஏழாவது ஆள் கோணாமலை. பெரிய ட்றம் அவனுடையது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவனுடைய தாயையும் தகப்பனையும் ஒரே இரவில் கொண்டுபோனபோது அவனுக்கு வயது பதினான்கு. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பெரியப்பா வீட்டு மாட்டுப்பட்டியோடு அவனும் ஒன்றாக வளர்ந்தான். பதினெட்டு வயதில் தோணி ஏறி இக்கரைக்கு வந்து, காத்தான்குடிக்காரர் அப்துல் கபூரின் அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். மூட்டை தூக்குகிற தோளைப் பார்த்துத்தான் நல்லரத்தினம் அவனைப் பாண்டுக்குக் கூப்பிட்டான்.

முதல் நாள் நல்லரத்தினம் அளவு நாடாவோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். தோள், கை, மார்பு, இடுப்பு. சிவப்புக் கோட்டுக்கு அளவு எடுக்கிறானாம். அதுவரை அவன் போட்ட உடுப்பெல்லாம் வேறு யாரோ போட்டுக் கழித்தவை. அவனுடைய உடம்புக்கு ஓர் அளவு உண்டென்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. நாடா கழுத்தைச் சுற்றியபோது கண் கலங்கிவிட்டது. "என்ன மச்சான், கூச்சமா?" என்று நல்லரத்தினம் கேட்டான். "ஓம்" என்று சொல்லித் தப்பினான்.

அந்த 'மச்சான்' வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. நான்கு வருடத்தில், எண்பத்தாறாம் ஆண்டு சித்திரையில், நல்லரத்தினம் தன் ஒரே தங்கை மங்கையற்கரசியை அவனுக்குப் பேசினான். மட்டக்களப்புப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பது. கோணாமலைக்கு வீடும் கிடைக்கும், வீடு நிறைய ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் கலியாணப் பேச்சுக்கால் அன்று மாப்பிள்ளை பக்கம் வந்து நிற்க ஆளில்லை. பெரியப்பா அக்கரையிலிருந்து அசையவில்லை.

"மாப்பிள்ளைக்கு மூத்த அண்ணன் நான்தான்," என்று சாமித்தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படலையைத் திறந்தான். "எனக்கு வெத்திலத் தட்டம் முதல்ல வரணும். வராட்டி பொடியனக் கூட்டிக்கொண்டு கிறுகிப் போயிருவன்!"

"அண்ணனோ? மாப்பிள்ளையட இடுப்பளவுதான் நிக்கிறாய்," என்றாள் நல்லரத்தினத்தின் தாய் சீதேவிப்பிள்ளை.

"வளர்த்தி எல்லாத்தையும் தம்பிக்கு விட்டுக்குடுத்திட்டன் மாமி."

உள்ளேயிருந்து மங்கை சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கோணாமலை மில்லுக்குக் கொண்டுபோனான். நெல் அவிக்கிற புகைக்குள்ளும் அது அவன் காதில் இருந்தது. கலியாணம் ஆவணி மாதம் என்று முடிவாயிற்று. அடையாள அட்டையில் இன்னும் படுவான்கரை விலாசந்தான் இருந்தது. "கலியாணம் முடியட்டும் மச்சான், எங்கட வீட்டு விலாசத்தப் போட்டு மாத்துவம்," என்று நல்லரத்தினம் சொல்லியிருந்தான்.

நல்லரத்தினத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பாண்ட் என்றால் ஊதுவதும் அடிப்பதும் மட்டுமில்லை, நடை என்பான். பின்னேரங்களில் வாவிக்கரை மணலில் மணிக்கணக்காக நடத்துவான். இடது, வலது, நில், திரும்பு. ஏழு பேர் சேர்ந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் இடது காலில்தான் தொடங்க வேண்டும். கடை வாசலில் ஒரே சத்தமாகக் கால் சேர வேண்டும். கடைக்காரன் கும்பிட்டு வரவேற்பான். ஊர்ப் பிள்ளைகள் பின்னால் நடந்து பழிப்புக் காட்டும். பாண்ட் தொடங்கிய நாளிலிருந்து எட்டு வருடப் பழக்கம். அது அவர்களுக்கு எலும்போடு ஒட்டிப்போயிருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது. முந்தின கிழமை அக்கரைக்குப் போகிற வழியில் கண்ணிவெடி வெடித்து ஆமிக்காரர் நாலு பேர் செத்திருந்தார்கள். அதனால் அன்றைக்கு வந்தவர்களின் முகத்தில் பேச்சுக்கு இடமில்லை.

மில்லில் படுத்திருந்த கோணாமலையையும் மற்றக் கூலிக்காரரையும் அப்துல் கபூரே முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வந்தார். வியாபாரத்துக்காகப் படித்த சிங்களம் அவருக்கு அன்று கைகொடுத்தது. இவர்கள் ஐந்து பேரும் என் மில் ஆட்கள், நான் பொறுப்பு என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அட்டைகளைக் கூடப் பார்க்கவில்லை. மைதானத்து ஓரத்து வேப்பமரத்தைக் காட்டி, அங்கே போய் இருங்கள் என்று கையசைத்தார்.

"அல்லா காப்பாத்தினான்," என்று கபூர் மூச்சு விட்டார். "கொஞ்சத்தால விட்டுருவான். ஒருத்தரும் எழும்பப்படா."

ஊர் ஆண்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மைதான வேலிக்கு வெளியே பெண்கள் கூட்டம். கோணாமலை கண்ணால் தேடினான். சீதேவிப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு மங்கை நின்றாள். அவனைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

அப்போது பாண்டுக்காரர் ஆறு பேரும் வந்தார்கள்.

நல்லரத்தினம் முன்னால், மற்றவர்கள் பின்னால், ஒற்றை வரிசை. பக்கத்தில் ஓர் ஆமிக்காரன் சப்பாத்துக்கால் அதிர நடந்தான். அந்தச் சத்தம் போதும். ஆறு பேருடைய இடது கால்களும் ஒன்றாக எழும்பின. ஆமிக்காரன் சிங்களத்தில் 'நில்' என்று அதட்டினான். மற்ற வரிசைகள் ஒன்றோடொன்று முட்டி, தடுமாறி நின்றன. இந்த வரிசை மட்டும் ஒரே சத்தத்தில் கால் சேர்த்து நின்றது. திரும்பச் சொன்னதும் ஆறு முதுகும் ஒன்றாகத் திரும்பின.

அதிகாரி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

ஆறு பேரையும் தனியே பிரித்து, மைதானத்தின் நடுவில் திரும்ப நடக்கச் சொன்னார். இப்போது அவர்களுக்கு விளங்கிவிட்டது. தாறுமாறாக நடக்கப் பார்த்தார்கள். வல்லிபுரத்தின் கடைசித் தம்பி வேண்டுமென்றே காலை மாற்றி வைத்தான். இரண்டு எட்டில் கால் தானாக வரிசைக்குள் வந்து விழுந்தது. சாமித்தம்பி நொண்டினான். அந்த நொண்டலும் கணக்குப் பிசகாமல் வந்தது. வேலிக்கு அப்பால் யாரோ தாங்கமாட்டாமல் 'களுக்' என்று சிரித்து, பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரன் அதிகாரியின் கேள்வியைச் சொன்னான். "எங்க ட்றெயினிங் எடுத்தது?"

"ட்றெயினிங் இல்ல ஐயா. பாண்ட். பாண்ட் அடிக்கிற நாங்க," என்றான் நல்லரத்தினம்.

துப்பாக்கிப் பிடி அவன் விலாவில் இறங்கியது.

"பாண்ட் எண்டா சாமான் எங்க?"

வாத்தியங்கள் எல்லாம் மில்லில், கோணாமலை படுக்கும் அறையில், பூட்டிக் கிடந்தன. பூட்டின் திறப்பு கோணாமலையின் இடுப்பில் இருந்தது. இடம் சொன்னால் ஆளைச் சொல்ல வேண்டும். இரண்டாம் அடி விழுந்தது. நல்லரத்தினம் முழங்காலில் விழுந்தான். அவனுடைய கண் ஒரே ஒரு தரம் வேப்பமரத்துப் பக்கம் வந்து, கோணாமலையைக் காணாததுபோல் கடந்து போயிற்று.

எனக்காக அடி வாங்குகிறான் என்று கோணாமலை நினைத்தான். பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் அடி வாங்கினதில்லை. அந்த நினைப்பு அவனைப் பயத்தை விட வேகமாக எழுப்பியது.

கபூர் அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தார். "இரிடா! விசரா ஒனக்கு? ஒன்ட பேர ஆரும் சொல்லல்லயே!"

"அதுக்குத்தான் போறன் முதலாளி. அவங்க எங்கட ஆக்கள்."

இடுப்பிலிருந்த திறப்பைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தான். "ஐயா, சாமான் என்னட்ட இருக்கு. நானும் பாண்ட்தான்."

ஆமிக்காரர் இரண்டு பேர் மில்லுக்குப் போய் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடியுங்கள் பார்ப்போம் என்றார் அதிகாரி. நல்லரத்தினம் உதட்டில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு ட்றம்பெட்டை எடுத்தான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாசிக்கிற துள்ளல் நடை ஒன்றைத் தொடங்கினார்கள். முதலில் பிசிறியது. கோணாமலையின் பெரிய ட்றம் இறங்கியதும் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. அவன் உயிரைக் கொடுத்து அடித்தான். வெயிலில் குந்தியிருந்த ஊர் நிமிர்ந்து பார்த்தது. அதிகாரியின் விரல் முழங்காலில் தாளம் போட்டது. சாமித்தம்பி ஓரக்கண்ணால் கோணாமலையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். தப்பிவிட்டோம் என்ற சிரிப்பு.

பிறகு அதிகாரி ஏழு பேருடைய அட்டைகளையும் கேட்டார்.

ஆறு அட்டையில் தில்லைத்துறை. ஏழாவதில் படுவான்கரை. அங்கே அரசாங்கம் இல்லை, இயக்கந்தான் இருந்தது. அதிகாரி அந்த அட்டையை வெயிலில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பொலிஸ்காரன் நல்லரத்தினத்தின் முன்னால் வந்து நின்றான்.

"இவன் உங்கட ஆளா? உங்கட ஆள் எண்டா ஏழு பேரும் ட்றக்கில ஏறுங்க. இல்ல எண்டா ஆறு பேர் வீட்ட போகலாம். பெரியவர் ஒருதரந்தான் கேப்பார்."

கோணாமலை நல்லரத்தினத்தைப் பார்த்தான். நல்லரத்தினம் தன் கையிலிருந்த ட்றம்பெட்டைப் பார்த்தான்.

"கூலிக்கு அடிக்க வாறவன் ஐயா," என்றான். "ஊர் ஆள் இல்ல."

பொலிஸ்காரன் வல்லிபுரத்திடம் போனான். வல்லிபுரம் இல்லையென்று தலையசைத்தான். மூன்று தம்பிமாரும் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையே செய்தார்கள். அந்த அசைப்பும் ஒன்றுபோலவே இருந்தது.

"நீ?"

"எனக்கு இவன்ட பேர்கூடச் சரியாத் தெரியா ஐயா," என்றான் சாமித்தம்பி. எப்போதும் ஒரு சொல் கூடுதலாகப் பேசுகிறவன், அன்றைக்கும் பேசினான். "அக்கரையால வாறவன், போறவன். அங்க ஆரோட பழகிறானோ, நாங்க கண்டமா?"

கோணாமலைக்குக் கோபம் வரவில்லை. ஏதோ விளையாட்டு நடக்கிறது, இப்போது யாராவது சிரித்து முடித்துவைப்பார்கள் என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு முகமும் நிமிரவில்லை.

"பொய்!"

வேலிக்கு அப்பாலிருந்து வந்த குரல். மங்கை வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணா, என்ன சொல்றீங்க? அவர் எங்கட ஆள்! ஆவணியில எனக்குக் கலியாணம் அவரோட! சொல்லுங்க அண்ணா!"

சீதேவிப்பிள்ளை மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய கையோடு பின்னால் இழுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். அதிகாரி கதிரையை விட்டு எழுந்தார். அந்தப் பெண் யார், என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"என்ட தங்கச்சி ஐயா," என்றான் நல்லரத்தினம். அவனுடைய குரல் மெல்லியதாகிவிட்டது. "புத்தி சரியில்ல. ஆரக் கண்டாலும் மாப்பிள்ள எண்டு சொல்லும். நாங்க கட்டித்தான் வச்சிருக்கிறம்."

அதிகாரி சிரித்தார். சுற்றி நின்ற ஆமிக்காரரும் சிரித்தார்கள். பிறகு அவர் கோணாமலையிடம் வந்து, பொலிஸ்காரன் மூலம் கேட்டார். "அந்தப் பிள்ளைய உனக்குத் தெரியுமா? உண்மையச் சொல்லு. தெரியும் எண்டா அவளையும் விசாரிக்கணும்."

கோணாமலை வேலிப் பக்கம் பார்த்தான். மங்கை தாயின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு, வாய் திறந்து, அவனுடைய பதிலுக்காக நின்றாள். அவனுடைய வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், அவள் சொன்னது உண்மையென்று ஆகிவிடும். அதே சொல்லில் அவளும் ட்றக்கில் ஏறிவிடுவாள்.

"தெரியா ஐயா," என்றான்.

"இவங்களை?"

"தெரியா. கூலிக்கு வந்த நான்."

அவனுக்குப் பக்கத்தில் நல்லரத்தினம் நெடுமூச்சு விட்டது கேட்டது. அது அழுகையா ஆறுதலா என்று கோணாமலை திரும்பிப் பார்க்கவில்லை. மங்கை வேலிக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, உண்மையிலேயே புத்தி பேதலித்தவளைப்போல நின்றாள்.

பெரிய ட்றத்தைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னார்கள். கைகளைப் பின்னால் கட்டி, ட்றக்கின் பின்பக்கம் ஏற்றினார்கள். கபூர் அதிகாரியின் பின்னால் ஓடி ஏதோ சிங்களத்தில் மன்றாடினார். ஓர் ஆமிக்காரன் அவரை நெஞ்சில் தள்ளி விழுத்தினான்.

ட்றக் உடனே கிளம்பவில்லை. பிடிபட்ட மற்றவர்களையும் ஏற்றி முடிக்கக் கால்மணி நேரம் பிடித்தது. அந்தக் கால்மணி நேரமும் கோணாமலை பலகைக்கு மேலால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு பேரும் வாத்தியங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பெரிய ட்றம் மட்டும் மணலில் கிடந்தது. வல்லிபுரம் அதைச் சுற்றிப் போனான். அவனுடைய தம்பிமாரும் சுற்றிப் போனார்கள். விட்டுவிட்டுப் போனால் ஆமிக்காரன் கேட்பானே என்று நல்லரத்தினம் ஏதோ சொன்னான் போலும். சாமித்தம்பி தன் சைட் ட்றத்தை வல்லிபுரத்தின் தம்பி ஒருவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அதைத் தூக்கினான். பட்டியைக் கழுத்தில் மாட்டினான். குள்ளனுக்கு ட்றம் முழங்காலுக்குக் கீழே தொங்கி இடித்தது. இறக்கி வைத்து, குந்தி இருந்து, பட்டிக் கொக்கியை ஐந்து துளை உள்ளே இழுத்துக் குத்தினான். எழும்பி, ஒருதரம் தோளைக் குலுக்கிப் பார்த்தான். இப்போது அளவாக இருந்தது.

ட்றக் உறுமிக் கிளம்பியது. ஆறு பேரும் வீட்டுக்குப் போகிற பாதையில், ஒற்றை வரிசையில், கால் பிசகாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.