இரண்டு தேக்கரண்டி வெண்ணெய்

பழைய இரும்புக் கிடங்கின் வாயிலில், கண்ணாடி பதித்த சிற்றறை ஒன்றில் அமர்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரிகளை எடை போட்டு வந்தவர் அவர். சுமையோடு எடைமேடை ஏறும்போது ஓர் எடை. சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இரும்பின் எடை. வரும்போது தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பிக்கொண்டு வருவதும், திரும்பும்போது அதைக் கவிழ்த்துவிடுவதும், இருக்கைக்கு அடியில் ஆளைப் படுக்கவைப்பதும் ஓட்டுநர்களுக்குக் கைவந்த கலை. அவர் கண்ணில் மட்டும் எவரும் மண்ணைத் தூவ முடிந்ததில்லை. ஆயினும் அவரை வெறுத்தவர் இல்லை. ‘டன்’ என்று பெயர் சூட்டி, டன்னண்ணே, டன்னண்ணே என்று வாய் நிறைய அழைத்தார்கள். அப்பெயருக்குக் காரணம் கேட்பார் இல்லை. அவருடைய எடை நூற்று நாற்பத்தாறு கிலோ.

“டன்னண்ணே, வண்டி நிக்கறப்ப மேடை பக்கமா வராதீங்க. உங்க நெழலு விழுந்தாலே அஞ்சு கிலோ கூடக் காட்டுது” என்பான் பத்துச்சக்கரம். ஓட்டும் வண்டியின் சக்கரக் கணக்கே அவனுக்குப் பெயராகிவிட்டது.

“நெழலுக்கு எடை இல்லடா. உன் பீப்பாய்க்குத்தான் இருக்கு. போய்க் கவுத்துட்டு வா.”

சிரித்துச் சிரித்துப் பேசினாலும் உடம்பு சிரிக்கும் நிலையில் இல்லை. சிற்றறையின் நான்கு படிகள் ஏறினால் நெஞ்சு அடைத்தது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. நின்ற மூச்சு மீளும்வரை பக்கத்தில் படுத்திருந்த மனைவி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று மருத்துவர் சொன்னார். அதற்கு முந்திய பதினான்கு நாளும் தெளிந்த சூப், கொழுப்பு நீக்கிய பால், மருந்துக் கடையில் கிடைக்கும் புரதக் கரைசல். வேறெதுவும் உதட்டைத் தாண்டலாகாது.

“இரைப்பைக்கு மேல கல்லீரல் மூடி மாதிரி உக்காந்திருக்கு சார். உங்களுக்கு அது ரொம்பப் பெருசா இருக்கு. பதினாலு நாள் நீங்க வாயக் கட்டினாத்தான் அது சுருங்கும். சுருங்கினாத்தான் அதத் தூக்கிட்டு நான் கீழ வேலை பாக்க முடியும்” என்றார் அந்த மருத்துவ அம்மையார்.

மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளைத் தைப்பவள். நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு மேல் என்றும் எடை காட்டாத உடம்பு அவளுடையது. முதல் நாள் காலையில் சூப்பை வடிகட்டி இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள்.

“ரெண்டாவது யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நீ எதுக்கும்மா பட்டினி கெடக்கணும்?”

“அடுப்புல வாசனை கெளம்பினா உங்களால தாங்க முடியுமா? மீன் சட்டிக்குப் பக்கத்துல பூனையக் கட்டிப்போட்ட கதையாயிடும். பதினாலு நாள்தானே, பல்லக் கடிச்சா ஓடிப்போயிடும்.”

நான்கு நாள் அவர் நேர்மையாகவே இருந்தார். ஐந்தாம் நாள் பத்துச்சக்கரம் வழக்கம்போல் ஒரு வெண்ணெய்ப் பன்னை மேசைமேல் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனான். பத்து மணிக்கு அது மேசைமேல் இருந்தது. பத்தே காலுக்கு இல்லை. மறுநாள் இரண்டு பன். அதற்கு மறுநாள் பொரித்த கோழி. ஒருவன் நெறி தவறுவதற்கு முதற்படிதான் உயரம், மற்றவையெல்லாம் சறுக்குமரம். தின்று முடித்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு கிராம்பைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவார். திரும்பியதும் நாற்காலியில் சாய்ந்து, “பசி உயிர் போகுதும்மா” என்பார். சூப்பை வேண்டாவெறுப்பாக விழுங்குவார். உணவுக் குறிப்பேட்டில் ‘சூப், இருநூறு மில்லி’ என்று அழகிய கையெழுத்தில் எழுதுவார். ஊரார் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்ன மனிதர் தம் பீப்பாயை நிரப்பிக்கொண்டிருந்தார். வேலியே பயிரை மேய்ந்தது.

இறைவன் படைத்த உறுப்புகளுள் நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியும்; கண்ணுக்கும் ஓரளவு தெரியும். கல்லீரலுக்குத் தெரியாது.

பதினைந்தாம் நாள் மயக்கம் தெளிந்து விழித்தபோது வயிற்றில் ஐந்து சிறு கட்டுகள் இருந்தன. கட்டிலின் ஒருபுறம் மனைவி, மறுபுறம் மருத்துவர்.

“ஆபரேஷன் பண்ணல சார்” என்றார் மருத்துவர். “உள்ள கேமராவ விட்டுப் பாத்தோம். கல்லீரல் கொஞ்சங்கூடச் சுருங்கல. தூக்கிப் பிடிச்சிருந்தா கிழிஞ்சு ரத்தம் கொட்டியிருக்கும். அப்படியே மூடிட்டோம். திரவ உணவு ஒழுங்கா எடுத்தீங்களா?”

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நான்தான் டாக்டரம்மா. எல்லாம் நான்தான். பசி உயிர் போகுதுன்னு தெனமும் சொல்லுவாரு. ஒம்பதாம் நாள் மனசு கேக்கல. சூப்புல ஒரு ஸ்பூன் வெண்ணெய் போட்டுட்டேன். பதினோராம் நாளும் ஒரு ஸ்பூன். அவருக்குத் தெரியாது. அவரு பாவம், ஒண்ணும் தெரியாதவரு. என் கையாலயே கெடுத்துட்டேனே!”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. மருத்துவர் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டு ஸ்பூன் வெண்ணெயா?” என்றார். பிறகு கையிலிருந்த கோப்பைப் பிரித்தார். “அப்படியே எழுதிக்கட்டுமா சார்? வேற எதுவும் இல்லையே?”

பேனா தாள்மேல் நின்றது. உண்மைக்கு அவ்வளவு அகலமாக யாரும் வாயிலைத் திறந்துவைத்ததில்லை.

“வேற எதுவும் இல்ல” என்றார் எடைமேடைக்காரர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். அவர் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின்கீழ், எதிரெதிர் நாற்காலிகளில் அமர்ந்திருந்தன. காயங்கள் ஆறும்வரை அவள் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தொலைபேசியில் தன் அக்காவிடம், “வீணா ஒரு தடவ கத்தி வாங்கிட்டாரு அக்கா, என்னாலதான்” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அடுத்த அறையில் படுத்திருந்த அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் எழுந்தார். அவள் கொண்டுவந்து கொடுக்கும் மாத்திரையையும் தண்ணீரையும் வாங்கி விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தார். கழிந்த நாள்கள் வட்டிபோல் குற்றத்தின்மேல் ஏறின.

ஒரு மாதம் கழித்துச் சிகிச்சைக்கு வேறு நாள் குறித்தார்கள். மீண்டும் பதினான்கு நாள் விரதம். இம்முறை அவள் வெண்ணெய்ப் புட்டியை அக்கா வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். பாத்திரங்களை வெந்நீரில் இரண்டு முறை கழுவினாள். சூப்பை ஒருமுறை வடிகட்டி, ஆறவைத்து, மேலே மிதந்த கண்ணுக்குத் தெரியாத எண்ணெயையும் துணியால் ஒற்றி எடுத்தாள். முன்போலவே இரண்டு கிண்ணம்.

“இந்தத் தடவ நீ சாப்பிடும்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“நான் பண்ணதுக்கு இதாவது செய்ய வேணாமா?” என்றாள் அவள்.

இம்முறை அவர் ஒரு பருக்கையும் தொடவில்லை. பத்துச்சக்கரம் வைத்த பன்னைத் திருப்பி நீட்டினார்.

“எடுத்துட்டுப் போடா.”

“போன தடவயும் நாலு நாள் இப்படித்தாண்ணே முறுக்கினீங்க. அஞ்சாம் நாள் காயிதத்தக்கூட நக்கிட்டீங்க.”

“எடுத்துட்டுப் போன்னா போ!”

அவன் அதுவரை அவருடைய அதட்டலைக் கேட்டதில்லை. பன்னை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் தலை இடித்தது. திரையில் தெரிந்த எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. மெய்யான பசி என்பது இதுதானா என்று வியந்தார். உடனே, இதைத்தானே அவள் அப்போது பதினான்கு நாளும் குடித்தாள், குடித்துவிட்டு இயந்திரத்தை மிதித்தாள் என்ற நினைவு எழுந்தது. கண்ணாடிக்கு வெளியே எடைக்கு நின்ற லாரி இருமுறை ஒலியெழுப்பிய பிறகே அவர் தலையை நிமிர்த்தினார்.

நான்காம் நாள் மாலை வீடு திரும்பியபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றும்போது சட்டென நின்றது. ஓர் அலறல்கூட இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார். அவளுடைய ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து ஊசி இறங்கியிருந்தது. தலைசுற்றலில் துணிக்கு முன்னே விரலை விட்டிருக்கிறாள். அவர் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி ஊசியை மேலே எடுத்தார். வெள்ளைச் சீருடையில் இரத்தம் ஒரு பொத்தான் அளவுக்குப் படர்ந்தது.

தெருமுனை மருந்தகத்துக்கு அழைத்துப்போய் மருந்திட்டுக் கட்டு போட்டுத் திரும்பியதும், அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இது வேணும்ங்க. அன்னைக்கு இந்தக் கைதானே வெண்ணெயப் போட்டுச்சு.”

அவர் அவள் காலடியில் தரையில் அமர்ந்தார். அவ்வுடம்போடு தரையில் அமர்ந்தால் எழுவது எளிதன்று. அதை அவர் அப்போது எண்ணவில்லை.

“வெண்ணெய் இல்லம்மா. நான் தின்னேன். கேபின்ல உக்காந்து தின்னேன். பன்னு, கோழி, வறுவல். எல்லாம்.”

அவள் விரலிலிருந்து பார்வையை அவர் பக்கம் திருப்பினாள்.

“எத்தன நாளு?”

“பத்து நாள்.”

“அந்தக் கிராம்பு?”

“வாசனை தெரியாம இருக்கத்தான்.”

“பல்லு வலிக்குது போல, சொல்லாம மறைக்கிறாருன்னு நெனச்சேன். பல் டாக்டர் எத்தன மணிக்கு வருவாருன்னுகூட விசாரிச்சு வெச்சேன்.” ஏதோ நகைச்சுவையைக் கேட்டவள்போல் அவள் உதடு ஒருகணம் கோணியது. பிறகு குரல் மாறியது. “டாக்டரம்மா முன்னாடி நான் அழுதேனே, அப்ப நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”

“மயக்கம் இன்னும்…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். அந்தப் பொய்யும் நாக்கின் நுனியில் ஆயத்தமாய் நின்றதைக் கண்டு அவருக்கே அச்சமாயிற்று. “கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க எழுதட்டுமான்னு கேட்டாங்க. எழுதுங்கன்னேன்.”

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய், கட்டுப்போட்ட விரலை விலக்கிப் பிடித்துக்கொண்டு வாணலியை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் விழுந்தது. முட்டைகள் இரண்டு உடைந்தன. நான்கு நாளாய் மணமே அறியாதிருந்த வீடு முழுவதும் அந்த மணம் பரவியது. நான்கு துண்டு ரொட்டியோடு தட்டை எடுத்துவந்து, அவருக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள். தரையிலிருந்து எழ முடியாத அவருக்கு அவருடைய சூப்புக் கிண்ணத்தைக் குனிந்து கையில் கொடுத்தாள்.

“குடிங்க” என்றாள். “இனிமே நான் சாப்பிடுவேன். மூணு வேளையும் இங்கதான் சாப்பிடுவேன்.”

கடைசித் துணுக்குவரை தின்றாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள்: “நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போறோம். எழுதினத அடிக்கச் சொல்லணும்.”

மறுநாள் மருத்துவர் எதுவும் வினவவில்லை. பேனாவை எடுத்து, ‘இரண்டு தேக்கரண்டி வெண்ணெய்’ என்ற வரியின்மேல் கோடிழுத்தார். அதன் கீழே எழுதுவதற்கு எடைமேடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பன்களின் எண்ணிக்கை உட்பட, மனைவி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி கேட்டிருந்தாள்.

மீதி நாள்கள் கழிந்தன. இம்முறை கல்லீரல் வழிவிட்டது, சிகிச்சை முடிந்தது. மறுநாளே நடக்கச் சொன்னார்கள். சிகிச்சைக்காக வயிற்றில் செலுத்திய காற்று தோள்பட்டையில் ஏறிக் குத்த, மருந்துக் குழாய்த் தாங்கியைத் தள்ளிக்கொண்டு நடைகூடத்தில் ஊர்ந்தார். அவள் உடன் நடந்தாள். தோள் கொடுக்கவில்லை, விழுந்தால் பிடிக்கும் தொலைவைவிட்டு விலகவுமில்லை. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. “போதுமா?” “திரும்பலாமா?” அவ்வளவே.

வீட்டுக்கு வந்தபின் உணவு என்பது மருந்துக் குப்பி மூடியளவான சிறு குவளையில் முப்பது மில்லி. கால் மணிக்கு ஒரு குவளை. விரைந்து விழுங்கினால் தையல்மேல் கல் விழுந்தாற்போல் வலிக்கும். அவள் குவளையை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போய் இயந்திரத்தில் அமர்வாள். குடித்தாரா, எவ்வளவு குடித்தார் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

எட்டாம் நாள் பிற்பகல். கால் மணி ஆவதற்கு நான்கு நிமிடம் இருக்கும்போதே கை தானாக நீண்டது. குவளை காலியானது. வலி வந்தது, பொறுத்துக்கொண்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் உலகில் எவருக்கும் தெரியாது.

“ஒரு கப்பு முன்னாடியே குடிச்சிட்டேன்” என்றார்.

இயந்திரம் நின்றது. அவள் திரும்பவில்லை.

“எத்தன நிமிஷம்?”

“நாலு.”

“எழுதுங்க.”

அவர் குறிப்பேட்டை இழுத்து எழுதினார். எழுத்து இம்முறை கோணலாய் வந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலின் நகம் கறுத்து, அடியில் மட்டும் பிறைபோல் புதிதாக வெளுத்திருந்தது. கறுப்பு முழுவதும் வளர்ந்து தள்ளப்பட ஆறு மாதமாகும் என்று மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள். நூல் முதல்முறை தவறியது. இரண்டாம் முறை நுழைந்தது. அவள் இயந்திரத்தை மிதிக்குமுன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அடுத்தது மூணு இருபதுக்கு” என்றாள்.